பெயருக்கு எதிரே சிவப்பு மை

கோயம்புத்தூர்
14.7.2024, ஞாயிறு

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ பேசினதைவிட இருமினதுதான் அதிகம். அதனால் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லாமல் வைத்துவிட்டேன். உன் தம்பி இன்று சாயங்காலம் திருப்பூர் பஸ் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதாதா என்று கேட்டான். மில் டைம் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் பேனா பிடித்த கை இது, இனிமேல் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது.

டி.பி. என்று சளிப் பரிசோதனையில் தெரிந்த அன்று நீ மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. "பெரியப்பா, வேலை போயிருமா?" என்றுதான் கேட்டாய். அப்பன் இல்லாத வீட்டில் மூன்று வருஷமாக உன் சம்பளத்தில்தான் அரிசி வேகிறது, வேறு எதைக் கேட்பாய்? நோய்க்கு வழி இருக்கிறது. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். வேலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அது எப்படிப் போகிறது என்பதை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். பார்த்தவன் என்பதுகூடச் சரியில்லை, என் கையாலேயே செய்தவன்.

டைம் ஆபீஸ் என்றால் மில் கேட்டை ஒட்டின சின்ன அறை. ஜன்னல் வழியாக ஆட்கள் டோக்கன் நம்பர் சொல்லிப் போவார்கள். வந்தவருக்கு நீல மையில் 'பி', லீவு எழுதிக் கொடுத்தவருக்கு 'எல்', எதுவும் தெரியாதவருக்குச் சிவப்பு மையில் 'ஏ'. கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பதிலி ஆட்கள் நிற்பார்கள். உள்ளே ஒரு 'ஏ' விழுந்தால் வெளியே ஒருவனுக்கு அன்றைக்குச் சோறு. அதனால் ஒருவர் வராமல் போனதற்காக மிஷின் நின்றதே கிடையாது. பெயருக்கு எதிரே வரிசையாக எட்டு 'ஏ' விழுந்தால், நிலையாணைப்படி அவர் தானாகவே வேலையை விட்டுப் போனதாக வைத்து ஒரு கடிதம் போகும். அதை டைப் அடிக்கிற வேலையும் எனக்குத்தான்.

1991இல் ஸ்பின்னிங்கில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், மில் பெயரும் வேண்டாம். நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. எட்டு நாள் ஆனதும் நான் கடிதம் அடித்தேன், மேனேஜர் கையெழுத்துப் போட்டார், தபால் போனது. பன்னிரண்டாவது நாள் அவர் சம்சாரம் ஒரு மஞ்சப்பையோடு ஜன்னலில் வந்து நின்றது. பை நிறைய மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே கவர், ஊசி போட்ட ரசீது. எல்லாவற்றையும் ஜன்னல் கட்டையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. "தபால் போயிருச்சும்மா" என்றேன். அந்தம்மா சத்தம் போடவில்லை. "உங்களுக்குத் தெரியாதுங்களா? போன வாரம் சந்தையில நீங்கதானுங்களே என்னைக் கூப்பிட்டு, அவருக்கு எப்படி இருக்குதுன்னு கேட்டீங்க?" என்றது.

கேட்டிருந்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டிருந்தேன். மறுநாள் காலை ரிஜிஸ்டரைத் திறந்து அதே ஆளுக்குச் சிவப்பில் 'ஏ' போட்டேன். எனக்குத் தெரியும், ரிஜிஸ்டருக்குத் தெரியாது. என் கைக்குக் காகிதம் வரவில்லை, நானும் "ஒரு சீட்டு வாங்கிக் கொண்டு வாம்மா" என்று சொல்லவில்லை. அன்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவருக்கு வேலை நிலைத்திருக்கும். முப்பத்து மூன்று வருஷம் கழித்து அதைத்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ திங்கட்கிழமை, எட்டாம் தேதியிலிருந்து போகவில்லை. நாளையோடு எட்டாவது நாள். சூப்பர்வைசருக்குப் போனில் சொல்லியாயிற்று என்கிறாய். அவர் நல்லவர் என்றும் சொல்கிறாய். நானும் நல்லவன்தான் அம்மிணி, சந்தையில் நின்று விசாரிக்கிற அளவுக்கு நல்லவன். போனில் சொன்ன சொல் போனோடு போய்விடும். நாளைக்கே காகிதம் போக வேண்டும்.

இப்படி எழுது: "ஐயா, நான் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். உடல்நிலை காரணமாக 8.7.2024 முதல் மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறேன். மருத்துவச் சான்றுகளை இணைத்துள்ளேன். சிகிச்சைக் காலத்துக்கு விடுப்பு வழங்கவும், குணமானதும் பணிக்குத் திரும்ப அனுமதிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்." மேலே உன் டோக்கன் நம்பர், இ.எஸ்.ஐ. நம்பர், தேதி. இரண்டு பிரதி எடு. தம்பி ஒன்றைக் கம்பெனி ஆபீசில் கொடுத்து, இன்னொன்றில் சீல் போட்டு வாங்கி வரட்டும். சீல் போட மாட்டோம் என்றால் வாக்குவாதம் வேண்டாம். நேராகத் தபாலாபீஸ் போய் ரிஜிஸ்டர் தபாலில், அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வைத்து அனுப்பட்டும். அந்த ரசீது சாப்பாட்டுக் கூப்பன் அளவுதான் இருக்கும். தொலைத்துவிடாதே. அதை உடனே நகல் எடுத்து வை, மை மங்கிப் போகும். கடிதத்தைப் போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கும் ஹெச்.ஆருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. அது கூடுதல் சாட்சி.

கடிதத்தில் நோயின் பெயரை நான் எழுதவில்லை, கவனித்தாயா? எழுத வேண்டிய அவசியமில்லை. ஆனால் உங்கம்மா என்னிடம் போனில் மெதுவாக, "டைபாய்டுன்னு சொல்லி வெச்சிருக்குதுங்க மாமா, கல்யாணம் ஆகாத புள்ளை" என்றது. கோபப்பட மனசு வரவில்லை. இருந்தாலும் இது ஆபத்து. டைபாய்டு என்று ஒரு காகிதம், டி.பி. என்று ஒரு காகிதம் ஒரே ஃபைலில் சேர்ந்தால், பிறகு நீ தரும் உண்மையான சான்றைக்கூட ஒருவரும் நம்ப மாட்டார்கள். சொல்லாமல் இருப்பது உன் உரிமை, வேறொன்றைச் சொல்வது உன் வழக்கை நீயே கெடுத்துக்கொள்வது. இனி யார் கேட்டாலும் "சிகிச்சையில் இருக்கிறேன், சான்று கொடுத்திருக்கிறேன்" என்று மட்டும் சொல். ரூமில் உன்னோடு தங்கியிருக்கும் மூன்று பெண்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடு, அவர்களும் சோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்து ஆரம்பித்துச் சில வாரத்தில் தொற்றுகிற வேகம் அடங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்.

அடுத்தது இ.எஸ்.ஐ. நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பதாயிரம் செலவழித்துவிட்டு, "இ.எஸ்.ஐ.யில எல்லாத்துக்கும் ஒரே மாத்திரைதான் பெரியப்பா" என்கிறாய். உன் பே-ஸ்லிப்பை எடுத்துப் பார். நாளுக்கு 520 ரூபாய், 26 நாளுக்கு 13,520. அதில் முக்கால் சதவீதம், நூற்றிச் சொச்சம் ரூபாய் மாதாமாதம் உன்னிடம் பிடிக்கிறார்கள். கம்பெனி மூன்றேகால் சதவீதம் கட்டுகிறது. மூன்று வருஷமாகப் பணம் கட்டி வைத்த கடையில் சாமான் வாங்க மாட்டேன் என்பது என்ன நியாயம்? மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கான ஏற்பாடு இது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955இல் கோயம்புத்தூருக்கு வந்தது. சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியைத் திட்டாத மில்காரன் இந்த ஊரில் இல்லை, அங்கே போய்ப் பிழைக்காத மில்காரக் குடும்பமும் குறைவு.

மருந்து கிடைப்பதைவிடப் பெரிய விஷயம் இதில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. டாக்டர் கொடுக்கும் சான்றுக்குப் பணமும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான அரை வருஷத்தில் 78 நாளுக்காவது உனக்குச் சந்தா கட்டியிருந்தால், இந்த ஜூலை முதல் டிசம்பர் வரை நோய்க்காலப் பணம் கேட்கலாம். நீ ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவள், 78 நாள் உனக்கு எம்மாத்திரம்? முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. பிறகு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம், உன் கணக்குக்கு நாளுக்கு 364 ரூபாய். அதற்கு மேலும் படுக்க நேர்ந்தால், நெடுநாள் நோய்கள் என்று 34 நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். டி.பி. அதில் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு வருஷம் வேலையில் இருந்து, கடைசி நாலு அரை வருஷத்தில் 156 நாள் சந்தா கட்டியவர்களுக்கு 80 சதவீதம், நாளுக்கு 416 ரூபாய், இரண்டு வருஷம் வரைக்கும். உனக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆனால் கதவு இருப்பது தெரிந்தால் பயம் பாதியாகும்.

1948ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தில் 73ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. டைம் ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கடைசிப் பத்து வருஷம் அதை நான் எழுதி வைத்திருந்தேன். நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் ஆளை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ, பதவி குறைக்கவோ, வேறு தண்டனை கொடுக்கவோ முதலாளிக்கு உரிமை இல்லை. அந்த நாட்களில் கொடுத்த நீக்கல் நோட்டீஸ் செல்லாது. தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் குடைக்குள் வருவது கஷ்டம். வேறு சான்றையும் ஏற்க விதியில் இடம் உண்டுதான், அதை நம்பி உட்கார்ந்துவிடாதே. நாளைக் காலை எட்டு மணிக்கெல்லாம் டிஸ்பென்சரி வரிசையில் நில். சளிப் பரிசோதனை ரிப்போர்ட், எக்ஸ்ரே, ஆதார், பேங்க் பாஸ்புக், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. டாக்டர் தான் பார்த்த நாளிலிருந்துதான் சான்று தருவார். போன வாரத்துக்குத் தனியார் சீட்டுகளைக் கடிதத்தில் இணைத்துவிடு. சான்று ஆரம்பத்தில் வாரா வாரம் வாங்க வேண்டும், நாளானபின் நாலு வாரத்துக்கு ஒன்று என்று ஆகும். ஒரு வாரம் விட்டால் அந்த வாரம் முழுக்கச் சிவப்பு மை.

இரண்டு இடத்தில் ஆட்கள் தெரியாமல் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, சம்பளத்தோடு கூடிய லீவையும் எடுத்துக்கொண்டு அதே நாளுக்கு இ.எஸ்.ஐ. பணமும் கேட்பது. அப்படி வாங்க முடியாது. இன்னொன்று, சான்றில் இருக்கும்போதே யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவது. டாக்டர் அனுமதியில்லாமல் சிகிச்சை நடக்கும் இடத்தை விட்டுப் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. காங்கேயத்தில் வீட்டுக்குப் போய் அம்மா கையால் ரசம் சாப்பிட வேண்டும்போல இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு போ. அதேபோல, சான்றில் இருக்கும்போதே பக்கத்து வீட்டு ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து நாலு காசு பார்க்கலாம் என்ற நினைப்பு வந்தால் அதை அங்கேயே விட்டுவிடு.

இனி நான் அதிகம் பயப்படுகிற விஷயம். ஒரு நாள் ஹெச்.ஆரிலிருந்து கூப்பிடுவார்கள். குரல் தேனாக இருக்கும். "உடம்புதாம்மா முக்கியம். ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போ, தேறுனதும் வா, சேத்துக்கறோம். பி.எஃப். பணமும் வாங்கிக்கலாம், மருந்துச் செலவுக்கு ஆகும்." அந்த லெட்டருக்குப் பெயர் ராஜினாமா. உன்னை வெளியேற்ற நோட்டீஸ் வேண்டும், விசாரணை வேண்டும், அவர்களுக்கு அலைச்சல். நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரு தாளில் முடிந்தது, 73ஆம் பிரிவும் உன் பக்கம் நிற்காது. திரும்பச் சேர்த்தாலும் புது ஆள், புது டோக்கன். ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தால் கிடைக்கும் கிராஜுவிட்டிக்கு உன் மூன்று வருஷம் கணக்கில் வராது. நோயால் வராத நாட்கள் அந்தச் சர்வீஸைத் துண்டிப்பதில்லை என்று கிராஜுவிட்டிச் சட்டமே சொல்கிறது. ராஜினாமா துண்டித்துவிடும். அதனால் எந்தக் காகிதத்திலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதே. "பெரியப்பாகிட்டக் காட்டிட்டுத் தரேனுங்க" என்று சொல். சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதே என்று கூச்சப்படாதே, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கின காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் பிட்னஸ் கொடுத்ததும் அன்றைக்கோ மறுநாளோ கம்பெனி கேட்டுக்குப் போய்விடு. "சொல்லி அனுப்பறோம்" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டு உட்காராதே. அன்று சாயங்காலமே, இன்ன தேதி இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை என்று எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடு. டி.கே. யாதவ் என்ற தொழிலாளி வழக்கு இதில்தான் ஆரம்பித்தது. 1980 டிசம்பரில் அவர் தினம் வேலைக்கு வந்ததாகவும், கேட்டில் தடுத்ததாகவும் சொன்னார். எட்டு நாளுக்கு மேல் வரவில்லை, நிலையாணைப்படி தானாகவே வேலை போய்விட்டது என்றது கம்பெனி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1993இல் தீர்ப்பு. விசாரணை இல்லாமல், அவர் பக்கத்தைக் கேட்காமல் பெயரை அடித்தது செல்லாது, பிழைப்பு என்பது வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொல்லி, பாதிச் சம்பளப் பாக்கியோடு வேலையும் கொடுக்கச் சொன்னார்கள். பேப்பரில் அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மஞ்சப்பைக்காரம்மா குடும்பம் அதற்குள் மில் லைன் வீட்டைக் காலி செய்து ஊர்ப் பக்கம் போய்விட்டது. எந்த ஊர் என்றும் நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

பதின்மூன்று வருஷம் வழக்கு நடத்தி ஜெயிப்பது நமக்கு வேண்டாம். ஆனால் வம்பு வந்தால் தொழிலாளர் துறையில் சமரச அதிகாரி இருக்கிறார். அவரிடம் மனுக் கொடுத்து 45 நாளில் முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நேராகப் போகலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதே. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், இந்தச் சட்டங்கள் கோட்டைச் சுவர் இல்லை. 73ஆம் பிரிவு பணம் வாங்கும் காலத்துக்குத்தான். தீராத நோய் என்று காட்டி ஒருவரை நீக்கினால் அது ஆள்குறைப்பில் சேராது என்று தொழில் தகராறு சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. எனக்குப் பிடிக்காத வரி அது. ஆனால் உன்னுடையது ஆறு மாதத்தில் தீருகிற நோய். "சிகிச்சை முடிந்தது, வேலைக்குத் தகுதி" என்று டாக்டர் எழுதும் சீட்டுக்கு முன்னால் அந்த வரி நிற்காது. அதற்காகத்தான் மாத்திரையை ஒரு நாளும் விடாதே என்கிறேன். நடுவில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பும், வேலைக் கணக்கும் சேர்ந்து கெடும்.

சேர்ந்த பிறகு முதல் ஒரு மாதம் ஒன்றரை ஷிப்ட்டுக்கு ஒத்துக்கொள்ளாதே. நீ ரோஷக்காரி, லீவு போட்ட கடனை அடைக்கிற மாதிரி இழுத்துப் போட்டு வேலை செய்வாய், எனக்குத் தெரியும். பஞ்சுத் தூசி பறக்கிற இடத்திலிருந்து கொஞ்ச நாளைக்கு மாற்றிக் கேள். வாயால் கேள், பிறகு ஒரு வரி எழுதியும் கொடு.

அரசாங்கம் டி.பி.க்காரர்களுக்குச் சத்துணவுக்கு என்று மாதாமாதம் பேங்கில் பணம் போடுகிறது. டிஸ்பென்சரியில் பதிவு செய்யும்போதே கணக்கு நம்பரைக் கொடுத்துவிடு. முட்டை வாங்கு, உன் தம்பியின் ரீசார்ஜுக்குக் கொடுத்துவிடாதே. (தம்பி, நீ இதைப் பிரித்துப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.)

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் அனுப்பியிருக்கிறேன். முதல் கவரில் பே-ஸ்லிப், இரண்டாவதில் கம்பெனிக்குக் கொடுத்த கடிதங்களும் ரசீதுகளும், மூன்றாவதில் மருத்துவச் சான்றுகளின் நகல். தேதி வரிசையில் வை. வியாழக்கிழமை நானே வருகிறேன், வந்ததும் அதைத்தான் முதலில் கேட்பேன். பெரியம்மா கொள்ளுப்பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா

பி.கு.: மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தமோ என்று பயந்து நிறுத்திவிடாதே, அது மருந்தின் நிறம். மில்லில் ஒருவர் அதற்குப் பயந்தே நிறுத்தினார். கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால், வாந்தி நிற்காமல் வந்தால், அது வேறு, அன்றைக்கே டாக்டரிடம் போ.